வெள்ளை உடுப்பும் கலியாண எழுத்தும்

போர்முனைத் தாதியர் – தொடர் 9

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. 2009 ஜனவரியில் இங்கே ஒரு பாடசாலைதான் ஆஸ்பத்திரி. தருமபுரம், விசுவமடு என்று பின்வாங்கிப் பின்வாங்கி வந்த வைத்தியசாலை, கட்டில்களையும் மருந்துப் பெட்டிகளையும் இங்கே இறக்கியது. அந்த மாதம் அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் இந்தப் பகுதியும் அடங்கியிருந்தது. மாதம் முடியுமுன் ஆஸ்பத்திரி மீதே எறிகணை விழுந்தது. காயக்காரர் புதுமாத்தளனுக்கும் பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் போனார்கள். தாதியரும் கூடவே போனார்கள்.

அந்த மாதங்களில் காயம் கட்டியவர்களில் அரச சுகாதாரத் திணைக்களத்தார் இருந்தார்கள், தொண்டர்கள் இருந்தார்கள், புலிகளின் மருத்துவப் பிரிவினரும் இருந்தார்கள். படையோடு நிற்கும் தாதிக்கு 1949 ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவது காப்பு. பொது ஆஸ்பத்திரித் தாதிக்கு நான்காவது. உடையார்கட்டில் இரண்டுமே உதவவில்லை.

இந்த ஊரிலிருந்து யோசிக்கும்போது, இந்த வாரத்துக் கேள்வி கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். தாதியப் படிப்பு முடித்த ஒரு சோடி, கலியாணமும் கட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகப் படைத் தாதியராகச் சேரலாமா? சேரலாம். ஆனால் எல்லா நாடுகளிலும் அல்ல, தொடக்கத்திலிருந்தும் அல்ல. இந்த வேலை தொடங்கும்போதே தனிப் பெண்ணுக்கென்று வெட்டித் தைத்த உடுப்பு. கலியாணத்துக்கும் அதில் இடமில்லை, ஆம்பிளைக்கும் இல்லை.

முதலில் கலியாணம். இந்திய இராணுவத் தாதியர் சேவையில் லெப்டினன்டாக இருந்த செலினா ஜோன் ஓர் இராணுவ அதிகாரியைக் கட்டினார். 1988இல் அவரை வேலையால் நிறுத்தினார்கள். காரணம் கலியாணம், 1977ஆம் ஆண்டு விதியொன்று அதற்கு இடம் கொடுத்தது. அந்த விதி பெண்களுக்கு மட்டுந்தான். 1995இல் விதி எடுபட்டது, ஆனால் அவருடைய வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது. 2024 பெப்ரவரியில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் பிழை, பாரபட்சம் என்று சொல்லி 60 லட்சம் இந்திய ரூபாய் நட்டஈடு கொடுக்க வைத்தது. எழுத்து வைத்ததற்கு 36 வருசத் தண்டனை. நீதி கிடைத்தது என்று இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. போன உத்தியோக காலத்தை எந்தக் கோட்டும் திருப்பிக் கொடுக்காது.

இனி மாப்பிள்ளை. அமெரிக்க இராணுவத் தாதியர் படை 1901இல் உருவானபோது ஆண்களுக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் தாதியர் தட்டுப்பாடு என்று அரசாங்கமே கூவிக்கொண்டிருந்த வேளையிலும், படித்துப் பதிவுபெற்ற ஆண் தாதியருக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. சாதாரணச் சிப்பாய்களாகவே இருந்தார்கள். 1955இல் சட்டம் மாறி, அதே ஒக்டோபரில் எட்வர்ட் லயன் என்ற மயக்கமருந்துத் தாதி முதல் ஆண் அதிகாரியாகச் சேர்ந்தார். பிரித்தானியாவின் அரசி அலெக்சாந்திரா தாதியர் படைக்கு ஆண்களைச் சேர்க்க 1992 வரை பிடித்தது. இந்தியச் சேவைக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல்கள் பெண்களைத்தான் கேட்டு வந்திருக்கின்றன. அங்கே நம்முடைய சோடியில் ஒருவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கதவு திறந்த நாட்டிலும் உள்ளே இன்னொரு படலை இருக்கிறது. அமெரிக்க இராணுவத்தில் புருசன் பெண்சாதி இருவரும் படையினர் என்றால், ஒரே இடத்தில் வேலை கொடுக்க முயல்வதற்கென ஒரு திட்டம் உண்டு. முயல்வார்கள், உறுதி தரமாட்டார்கள். பிள்ளை பிறந்தால் ஒரு பத்திரம் நிரப்ப வேண்டும்: இருவரையும் ஒரே நேரத்தில் களத்துக்கு அனுப்பினால் பிள்ளையை யார் பொறுப்பெடுப்பது? பொறுப்பெடுப்பவரும் கையெழுத்து வைக்க வேண்டும். நம்மூரில் இதற்குப் பத்திரம் தேவையில்லை, “அம்மம்மா பார்ப்பா” என்று ஒரு சொல்லில் முடியும். ஆனால் வன்னியில் எத்தனை அம்மம்மாக்கள் அந்தச் சொல்லை வருசக்கணக்காகச் சுமந்தார்கள் என்பதை உடையார்கட்டுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பத்திரத்தின் நேர்மை எனக்குப் பிடிக்கும். வரப்போவதை முன்கூட்டியே வாய்விட்டுக் கேட்கிறது.

இலங்கையில்? இராணுவத்துக்குத் தனி மருத்துவப் படையணி உண்டு. ஆனால் வன்னிப் பிள்ளைக்கு அந்த உடுப்பு வெறும் உத்தியோக உடுப்பு அல்ல. 2012 இறுதியில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவத்தில் சேர்த்தபோது எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். வறுமை ஒருபக்கம், ஊர்வாய் ஒருபக்கம். நடுவில் நின்ற பெண்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், இங்கே இருக்கும் சோடி அரச தாதிய சேவைக்கே விண்ணப்பிக்கட்டும். யாழ்ப்பாணத்தில் தாதியர் கல்லூரியும் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டப்படிப்பும் இருக்கிறது. இடமாற்றத்துக்கு எழுதிப் போடலாம், சங்கமும் இருக்கிறது. லண்டனிலோ அமெரிக்காவிலோ வளர்ந்த பிள்ளைகள் படைக்குத்தான் போவோம் என்றால், எத்தனை வருசக் கட்டாயம், ஒரே இடத்தில் போடுவீர்களா, பிள்ளை பிறந்தால் என்ன என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.