ஆல்ப்ஸா, குல்மார்க்கா? பனிச்சறுக்குக்குக் கிளம்பும் முன் திருமழிசைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர் என்பதால் வைணவர்களுக்குத் தெரியும். 2020 ஊரடங்கில் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கே வந்ததால் மற்றவர்களுக்கும் தெரியும். சிட்கோ தொழிற்பேட்டை, லாரி, தூசு, டிசம்பரிலும் நிற்காத ஃபேன். இங்கே பனி என்றால் மார்கழி விடியலில் பைக் சீட்டைத் துடைக்க வைக்கிற ஈரம். அவ்வளவுதான்.

ஆனால் பொங்கல் நெருங்கினால் இன்ஸ்டாகிராம் வேற உலகத்தைக் காட்டுகிறது. வெள்ளைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் ஆட்கள், மர வீடு, கையில் ஹாட் சாக்லேட். கூடவே ‘ஃபிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரு வாரம், மாதத் தவணையில் கட்டலாம்’ என்று ஒரு விளம்பரம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகும் பலர் இந்த விளம்பரத்தை ஒரு முறையாவது கிளிக் பண்ணியிருப்பார்கள். இது நமக்குச் சரிப்பட்டு வருமா? காசு மட்டும் இல்லை, முட்டியும், சில நேரம் உயிரும் இதில் பணயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஐரோப்பா டூர் பேக்கேஜில் போன நம்ம ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் பார்த்தது சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் அல்லது யுங்ஃப்ராவ்யோக். ரோப் காரிலோ ரயிலிலோ மேலே போய், பனியை அள்ளி வீசி, போட்டோ எடுத்து, மதியம் இறங்கிவிடுவது. அது பனி பார்ப்பது. பனிச்சறுக்கு விடுமுறை என்பது ஒரே ஊரில் ஆறேழு நாள் தங்கி, தினமும் காலை கனமான பூட்ஸுக்குள் காலைத் திணித்து, விழுந்து எழுந்து கற்றுக்கொள்வது. கிட்டத்தட்ட டிரைவிங் ஸ்கூலில் சேர்வது மாதிரி. பேக்கேஜ் விவரத்தில் ‘ஸ்நோ ஆக்டிவிட்டி’ என்று போட்டிருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

தொட்டபெட்டாவில் ஏன் பனி பெய்வதில்லை?

ஊட்டியில் உள்ள தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். காஷ்மீரில் உள்ள குல்மார்க் புல்வெளியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது. இங்கே ஜனவரியில் புல் மேல் உறைபனி படிவதோடு சரி. உயரம் மட்டும் போதாது என்பதுதான் காரணம். நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கில் இருக்கிறது, குல்மார்க் 34 டிகிரியில். போதாததற்கு, நமக்குக் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை முடிந்து காற்று காய்ந்துவிடும். காஷ்மீருக்கோ அப்போதுதான் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ‘மேற்கத்திய இடையூறு’ எனப்படும் மழை மேகங்கள் வந்து சேரும். குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் பனி.

குல்மார்க்கில் பிரிட்டிஷார் 1927-லேயே ஸ்கீ கிளப் வைத்திருந்தார்கள். 1948 முதல் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அங்கே இருக்கிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறும் கோண்டோலா ரோப் காரை அமைத்தது போமகால்ஸ்கி என்ற பிரெஞ்சு நிறுவனம்! ஆல்ப்ஸில் லிஃப்ட் கட்டியே பெயர் வாங்கிய கம்பெனி அது. முதல் கட்டம் 1998-லும், அஃபர்வட் மலைத் தோள் வரை போகும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறக்கப்பட்டன. மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே. அதாவது பிரான்சின் புகழ்பெற்ற எய்க்வீ து மிதி சிகரத்தின் 3,842 மீட்டரை விட உயரம்.

இந்த உயரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் சென்னையின் சமவெளியிலிருந்து விமானம் ஏறி, மறுநாள் காலை அஃபர்வட்டில் நின்றால் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் வரலாம். ‘ஃபிட்டாதான் இருக்கேன்’ என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஒன்றிரண்டு நாள் கீழேயே தங்கி உடம்பைப் பழக்குவதுதான் வழி.

ஸ்கீயா, ஸ்நோபோர்டா?

ஸ்கீ என்றால் இரண்டு கால்களிலும் தனித்தனிப் பலகை, கையில் இரண்டு கோல், முகம் சரிவைப் பார்த்து. ஸ்நோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்படும், உடம்பு பக்கவாட்டில் நிற்கும். அலைச்சறுக்கு, அதாவது கோவளத்தில் பசங்க செய்கிற சர்ஃபிங் தெரிந்தவர்களுக்கு ஸ்நோபோர்டு நிற்கும் முறை பழகியதாகத் தோன்றும்.

பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது: ஸ்கீ தொடங்க எளிது, தேர்ச்சி பெற நாளாகும். ஸ்நோபோர்டில் முதல் இரண்டு மூன்று நாள் விழுவதுதான் வேலை, அப்புறம் சட்டென்று பிடிபடும். ஸ்கீயில் முதல் பாடம் நிறுத்துவது. பலகைகளின் முன் நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் கூரை முகடு மாதிரி ஒரு வடிவம் வரும். உள் விளிம்பு பனியைக் கடிக்க, வேகம் குறையும். இது கைவராமல் லிஃப்ட் ஏறவே கூடாது.

காயங்களும் வேறு வேறு. ஸ்கீ முட்டியைத் தாக்கும். பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மறுபக்கம் போக, முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும். ஸ்நோபோர்டில் விழும்போது அனிச்சையாகக் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அதிகம். ரெண்டுக்கும் பொதுவானது தலை. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் மலையில் விழுந்து தலையில் அடிபட்டது நினைவிருக்கும். ஹெல்மெட் போட்டிருந்தார், ஆனால் குறியிட்ட பாதையை விட்டு வெளியே, பாறை மறைந்திருந்த பனியில் போயிருந்தார். ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். பாதையை விட்டு இறங்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

ஆல்ப்ஸ் எதற்குக் காசு வாங்குகிறது?

இந்தப் ‘பாதை’ என்பதில்தான் பிரான்சுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம். அங்கே ஒவ்வொரு சரிவுக்கும் நிறம் உண்டு. பச்சை என்றால் முதல் நாள் ஆள், நீலம் அடுத்த படி, சிவப்பு நன்றாகத் தெரிந்தவர், கறுப்பு நிபுணர். இரவெல்லாம் இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமப்படுத்துவார்கள். குர்ஷெவெல், மெரிபெல், வால் தோரான்ஸ் அடங்கிய ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ பகுதியில் மட்டும் இப்படி 600 கிலோமீட்டர் பாதை லிஃப்டுகளால் இணைந்திருக்கிறது. திருமழிசையிலிருந்து மதுரைக்குப் போனாலும் இன்னும் மிச்சம் இருக்கும்!

இந்த ஊர்களில் பல, தானாக வளர்ந்தவை அல்ல. ‘பனித் திட்டம்’ என்ற பெயரில் பிரெஞ்சு அரசு 1960, 70-களில் ஆளில்லாத உயரங்களில் திட்டமிட்டுக் கட்ட வைத்தவை. லா பிளாஞ்ஞ் 1961, லெஸ் ஆர்க் 1968, வால் தோரான்ஸ் 1971. கடைசியாகச் சொன்னது 2,300 மீட்டரில், ஐரோப்பாவிலேயே உயரமான ஸ்கீ ஊர்.

செலவுக்கு வருவோம். மூன்று பள்ளத்தாக்குகளில் பெரியவர்களுக்கு ஆறு நாள் லிஃப்ட் பாஸ் ஏறக்குறைய 400 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே ஒரு ஆளுக்கு 40,000 ரூபாய், அதுவும் மலை ஏறி இறங்க மட்டும். பலகை, பூட்ஸ் வாடகை தனி. பயிற்சி தனி. தங்குமிடம் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் கிடைக்கும். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு மண்டலம் மண்டலமாக விடுமுறை விடுவார்கள். அந்த வாரங்களில் விலையும் கூட்டமும் உச்சம். ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, கிடைக்காவிட்டால் திரும்ப வராது. விமானம் பிடித்து ஜெனீவாவில் இறங்கினால் ஷமோனி சாலை வழியே ஒன்றரை மணி நேரத்துக்குள். 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த அதே ஷமோனி.

பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: கார் து லியோன் நிலையத்தில் டி.ஜி.வி. ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் மலையடிவாரம். அங்கே வளர்ந்த புதுச்சேரி, ஈழத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளில் பலர் பள்ளியின் ‘பனி வகுப்பு’ முகாமிலேயே ஸ்கீ கற்றிருப்பார்கள். சித்தப்பா மகனைக் கூடக் கூட்டிப் போனால் முதல் நாள் பாதி பயம் போய்விடும். ஆனால் பயிற்சியாளருக்கு அவர் மாற்று இல்லை.

பாலிசியின் சிறிய எழுத்து

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லாரும் ஏதோ ஒரு பயணக் காப்பீடு எடுத்துவிடுகிறார்கள். அது விசா வாங்கித் தரும். ஆனால் பல சாதாரண பாலிசிகளில் ‘சாகச விளையாட்டு, குளிர்கால விளையாட்டு பொருந்தாது’ என்று உள்ளே ஒரு வரி இருக்கும். முட்டி கிழிந்து அறுவை சிகிச்சை என்றால் மொத்தமும் உங்கள் தலையில். பிரான்சில் ஸ்கீ பாதையில் விழுந்தவரை மீட்டுக் கீழே கொண்டுவந்த செலவை அவரிடமே வசூலிக்க உள்ளாட்சிக்குச் சட்டப்படி அதிகாரமும் உண்டு. குளிர்கால விளையாட்டு என்று பெயர் சொல்லிச் சேர்த்த பாலிசியை எடுங்கள். இல்லாவிட்டால் லிஃப்ட் பாஸ் வாங்கும்போதே நாளுக்குச் சில யூரோவில் ‘காரே நேஜ்’ என்ற காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் காசை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

குல்மார்க்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், இன்னும் கூடுதலாக. தொடக்கக்காரர்களுக்கான சரிவுகள் கீழே புல்வெளியில் இருக்கின்றன, பயம் இல்லை. ஆனால் மேலே அஃபர்வட் பெரும்பாலும் செப்பனிடாத இயற்கைச் சரிவு. உலகெங்குமிருந்து தேர்ந்த ஆட்கள் தேடி வருவதே அதற்காகத்தான். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். பனிக்குள் புதைந்தவருக்கு முதல் 15 நிமிடம்தான் பெரிய வாய்ப்பு. ஆம்புலன்ஸ் வந்து காப்பாற்றுவதற்குள் நேரம் போய்விடும். கூட வந்தவர்கள்தான் சிக்னல் கருவியால் தேடி, கோலால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், வழிகாட்டி இல்லாமல், ‘மேலே போய் ஒரு ரீல்’ வேண்டாம்.

காஷ்மீர் பயணத்தில் பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். 26 பேர் கொல்லப்பட்ட 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. புக் செய்யும் முன் அரசு அறிவிப்பைப் பாருங்கள்.

அப்படியானால் எங்கே கற்பது?

என் கணக்கில், முதல் முறை போகிறவர் ஆல்ப்ஸுக்குப் பணம் கொட்டத் தேவையே இல்லை. மத்திய சுற்றுலாத் துறையின் கீழ் குல்மார்க்கில் இந்திய ஸ்கீ, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம் சோலாங் பள்ளத்தாக்கில் ஸ்கீ வகுப்பு எடுக்கிறது. அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் ஆல்ப்ஸ் பக்கம்கூடப் போகாது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதுதான் சிக்கல். மணாலி பக்கத்து புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர்தான் 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்று ஸ்கீயில் நாட்டின் முதல் சர்வதேசப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். தெற்கிலிருந்து முடியாது என்பதும் இல்லை: குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா தேசிய அளவில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் தங்கம் வென்றவர்.

விடுமுறைக்குத் துபாய் போகிற குடும்பங்கள், மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 2005 முதல் இயங்கும் ஸ்கீ துபாயில் ஒரு மணி நேர வகுப்பு எடுத்துப் பார்க்கலாம். உள்ளே மைனஸ் வெப்பநிலை, நீளமான சரிவு 400 மீட்டர். பிடிக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். சென்னையிலேயே ஈ.சி.ஆரில் பனிப் பூங்கா இருக்கிறதே என்றால், அது குளிரில் விளையாட நல்லது. ஸ்கீ கற்க இடம் போதாது.

எங்கே போனாலும் பருத்தி டி-ஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ‘நம்ம கலருக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்’ என்றவர்கள் மூக்கு உரிந்து திரும்பியிருக்கிறார்கள்.

கடைசியாக, பனியே இல்லாவிட்டால்? 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்பாகக் கிடந்தது. 2025-ல் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டது. ஆல்ப்ஸிலும் அதே கதை: பூமி 2 டிகிரி சூடானால், செயற்கைப் பனி இல்லாத நிலையில், ஐரோப்பாவின் 2,234 ஸ்கீ மையங்களில் 53 சதவீதம் கடும் பனிப் பற்றாக்குறை அபாயத்தில் விழும் என்று 2023-ல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. எனவே டிசம்பர் கிறிஸ்துமஸ் வாரத்தை நம்பாமல் ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி வரை தேதி வையுங்கள். பிரான்ஸ் என்றால் 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள். முன்பணம் கட்டும் முன், பனி இல்லாமல் லிஃப்ட் ஓடாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை வாய்ப்பேச்சாக இல்லாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.