மழை அல்ல, உப்பும் சூடும்

கேரளத்தின் விதுராவைத் தாண்டி மலையேறினால் போனக்காடு. அகத்தியர்கூடம் போகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம். தேயிலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் லய வீடுகளில் இருக்கிறார்கள். தோட்டத்து ஆலைதான் பல ஆண்டுகளாக ஓடவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பைக்கில் வரும் இளவட்டங்கள் இங்குள்ள ‘பேய் பங்களா’வைத் தேடிப் போகிறார்கள். எனக்கென்னவோ ஆலையில்தான் ஆர்வம். மலை மழை இத்தனை அடிக்கிற இடத்தில் எந்த உலோகம் எவ்வளவு காலம் தாங்கும் என்பது பேயைவிட நல்ல கேள்வி.

தேயிலை ஆலையில் வேலை நடக்கும்போது ஈரக் கொழுந்து சாதாரண இரும்பைத் தொடக் கூடாது. இலையிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். நிறமும் ருசியும் கெடும். அதனால்தான் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. உருளைகளின் பற்களும், ட்ரையரில் தூள் காயும் துளைத் தட்டுகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்தன. ஆனால் ட்ரையருக்குச் சூடான காற்றை அனுப்பும் அடுப்பில், தீ நேராகப் படும் இடத்தில், பழைய ஆலைகள் வார்ப்பிரும்பையே நம்பின. விலை ஒரு காரணம். கனமான வார்ப்பிரும்பு தீயில் மெல்லத்தான் தேயும் என்பது இன்னொன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருப்பிடிக்காத எஃகு பிறந்ததே சூட்டைத் தாங்கும் உலோகத்தைத் தேடப் போய்த்தான். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் சூட்டில் அரிபடாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியம் கலந்த அவருடைய எஃகு பெயர் வாங்கியதோ கத்தியிலும் கரண்டியிலும்.

குரோமியம் 10.5 சதவீதத்துக்குமேல் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எஃகின் மேல் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். கனம், மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. காய்ச்சிய பாலில் ஏட்டை எடுத்தாலும் மறுபடி படிவதுபோல, கீறல் விழுந்த இடத்தில் அது தானே மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும், இடைஞ்சல் செய்ய குளோரைடு இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்கும்.

ஆகவே போனக்காட்டு மழை அதற்குப் பெரிய எதிரி அல்ல. மழைநீரில் உப்பு மிகக் குறைவு; போதாக்குறைக்கு அழுக்கையும் கழுவிவிட்டுப் போகிறது. அதே எஃகுத் தகட்டைத் திருவனந்தபுரத்து வலியதுறைக் கடற்கரையில், மழை படாத தாழ்வாரத்துக்கு அடியில் மாட்டிப் பாருங்கள். உப்புக் காற்று படிந்து படிந்து பழுப்புப் புள்ளி விழும். உலோகத்தை உப்புக் காற்றில் காயப்போட்டுப் பார்ப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் உண்டு.

உப்போடு சூடும் சேர்ந்தால்தான் விபரீதம். வெந்நீர்ப் பாய்லரின் சூடேறும் பரப்பில் சுண்ணாம்பு படிகிறது. படிவுக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாது. நீர் ஆவியாக ஆவியாகக் குளோரைடு மட்டும் அங்கே செறிகிறது. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டை, உள்ளே அமிலம் தேங்கிய குழி. மீதித் தகடு பளபளவென்று இருக்கும்போதே தண்ணீர் ஒழுகத் தொடங்குவது இதனால்தான். 304 ரக எஃகு, குளிர்ந்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் குளோரைடு வரை தாங்கும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. சூடேற ஏற அந்த அளவு இறங்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவோ 250. நாம் தாராளமாகக் குடிக்கும் தண்ணீரை ஹீட்டரால் குடிக்க முடியாது! மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இழுவிசையில் நிற்கும் பாகத்தில் குளோரைடு சேர்ந்தால் துருகூடக் கண்ணில் படாது. விரிசல் விட்டு முறியும். சுமார் 60 டிகிரிக்குமேல்தான் இந்த ஆபத்து என்று வெகுகாலம் நம்பினார்கள். 1985இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நீச்சல்குளக் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் குளத்துக் குளோரின் ஆவியில் விரிசல் விட்டிருந்தன. அங்கே கொதிக்கும் சூடு எதுவும் இல்லை, கம்பியைக் கழுவ மழையும் இல்லை.

வெல்டிங் தனிக்கதை. 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் எஃகிலுள்ள கார்பன், குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒட்டுக்கு இருபுறமும் குரோமியம் வற்றிய கோடு விழுந்து, துரு அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. கார்பன் குறைந்த 304எல் ரகம் இதற்காகவே வந்தது. ஒட்டிய இடத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான வளையத்தை அமிலப் பசை போட்டு நீக்காமல் தருகிற பட்டறைக்காரரிடம் பாதிக் காசைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துத் தந்தால் முழுக் காசையும்! பிரஷ்ஷிலிருந்து ஒட்டிய இரும்புத்தூள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

அடுப்புக்குள் கணக்கே வேறு. 304 ரகம் தொடர்ந்து எரியும் தீயில் சுமார் 925 டிகிரி வரை நிற்கும். எரிந்து அணைந்து எரிகிற அடுப்பில் 870தான். சூடேறி ஆறும்போது உலோகமும் அதன்மேல் படிந்த ஆக்சைடு ஓடும் ஒரே அளவில் சுருங்காததால் ஓடு உதிர்ந்துவிடுகிறது. இரவில் அணைத்துக் காலையில் மூட்டும் அடுப்பு, அணையாத அடுப்பைவிட உலோகத்துக்குக் கொடியது.

வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் புள்ளிகள் விழுவதும் உப்பு வேலைதான். பச்சைத் தண்ணீரில் போட்ட கல் உப்பு அடியில் கிடந்து கரையும்போது அந்த இடத்தில் குளோரைடு செறிகிறது. உலை கொதித்தபின் உப்பைப் போட்டால் பாத்திரம் பிழைக்கும்.

கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, “ஒட்டலையே, நல்ல ஸ்டீல்தான்” என்பார். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் 304ஐவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தத்தில் ஒட்டும் 430 ரகமோ குளோரைடு விரிசலுக்கு எளிதில் மசியாது. பில்லில் ரக எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.