படகுகள் கரைசேர்ந்த நாள்களில்

கடலுக்குச் செல்லாத நாளே கடற்கரை மக்களின் விடுமுறை நாள். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தூத்துக்குடிக் கரையின் கத்தோலிக்க மீனவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையன்று கடலுக்குச் செல்லாதிருப்பது நெடுநாளைய வழக்கம். ஓய்வும் கூடி மகிழ்தலும் உழைப்பவருக்கு உணவைப்போல் இன்றியமையாதவை என்பதை இக்கரை எப்போதோ உணர்ந்திருக்கிறது.

ஆயினும், நம் இலக்கண மரபு நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக வைத்தது மகிழ்ச்சியை அன்று, இரங்கலையே வைத்தது. அதற்குரிய சிறுபொழுது, வெயில் சாயும் எற்பாடு. நிலமும் பொழுதும் மனித மனத்தின்மீது செயலாற்றுகின்றன என்ற நுட்பமான அறிவு இப்பகுப்பில் பொதிந்துள்ளது. விழாக்காலமும் ஒரு பொழுதுதான். தெருவெங்கும் விண்மீன் விளக்குகள் ஒளிரும்போது ஒருவர் உள்ளம் மட்டும் இருண்டு கிடப்பது அரிதான செய்தியன்று. மகிழ்ந்தே ஆகவேண்டும் என்னும் எதிர்பார்ப்பே அவ்விருளை மேலும் அடர்த்தியாக்குகிறது. ‘எல்லாரும் மகிழ்ந்திருக்க எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற வினா, துயரத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துவிடுகிறது.

கரையின் நாள்காட்டி

தூத்துக்குடியில் விடுமுறையும் வருமானமும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்வளம் பெருக இத்தடை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், பள்ளி மாணவர்களின் கோடை விடுமுறையும் அதே நாள்களில்தான் வருகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலத்தில் தந்தையும் தொழிலின்றி வீட்டில் இருக்கிறார். வாங்கிய கடனும் கூடவே இருக்கிறது. அரசு தரும் தடைக்கால உதவித்தொகை ஓரளவே தாங்குகிறது.

தடை நீங்கிய சில வாரங்களில் பனிமய மாதா பேராலயத் திருவிழா வந்துவிடும். ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் அவ்விழாவுக்கு வெளியூரில் வாழும் உறவினரும் வந்து சேர்வர். புத்தாடை, விருந்து, விருந்தினர் உபசரிப்பு என்று செலவுகள் வரிசையில் நிற்கும். பின்னர் வடகிழக்குப் பருவமழை தொடங்க, உப்பளங்களில் வேலை நின்றுபோகும். அந்த மழைமாதங்களின் முடிவில்தான் கிறிஸ்துமசும் புத்தாண்டும் பொங்கலும் அடுத்தடுத்து வருகின்றன. கையில் பொருள் குறைந்திருக்கும் வேளையில் செலவு மிகுந்த நாள்கள் வருவதால் எழும் மனஅழுத்தத்தை ஒருவருடைய மனவலிமைக் குறைவாக எண்ணுவது பெரும்பிழை. அதன் வேர் நாள்காட்டியிலும் கணக்கேட்டிலும் இருக்கிறது. இவ்வளவுதான் இயலும் என்று வீட்டில் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் குடும்பங்களில் பிள்ளைகளின் அச்சம் பெரிதும் குறைகிறது. மறைக்கப்படும் கடனைப் பிள்ளைகள் எப்படியும் உணர்ந்துவிடுகின்றனர். உணர்ந்ததைக் கேட்கமுடியாமல் தவிக்கின்றனர்.

துறைமுகத்துக்கோ விடுமுறை என்பதே இல்லை. 1974ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கும் இத்துறைமுகத்தில் பண்டிகை நாளிலும் சரக்கு இறங்கும். கப்பலில் பணிபுரிவோர் அந்நாளை நடுக்கடலிலோ அயல்நாட்டுத் துறையிலோ கழிக்கின்றனர். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சம் கப்பல் பணியாளர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் தவித்தனர். அத்தகையோர் வீடுகளில் பண்டிகை என்பது ஓர் ஒற்றைத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பதுதான்.

நினைவு திரும்பும் நாள்கள்

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தது டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாள். 2017இல் ஒக்கிப் புயல் நவம்பர் இறுதியில் வீசியது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ், கன்னியாகுமரி மாவட்ட மீனவர் ஊர்கள் பலவற்றில் திரும்பி வராதவர்களுக்கான துயர நாளாயிற்று. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, உப்பளங்கள் மூழ்கின, வீடுகளைச் சூழ்ந்த நீர் வடியுமுன்னே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

பேரிழப்பு நேர்ந்த நாள் ஆண்டுதோறும் நெருங்கும்போது உறக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற அச்சம் முதலியன மீண்டும் தலைகாட்டுவதை உளவியலார் நன்கு அறிவர். மனம் மறந்ததாக எண்ணியதை உடல் நினைவுகூர்கிறது. துயரை அடக்கி வைப்பதா, அதிலேயே மூழ்குவதா என்ற கேள்விக்கு 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்னும் உளவியல் அறிஞர் இருவர் வேறொரு விடை கண்டனர். இழந்தவர் சிறிதுநேரம் துயரத்தை நோக்கியும், சிறிதுநேரம் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறிமாறிச் செல்வதே இயல்பு என்பது அவர்கள் கருத்து. அலை ஏறி இறங்குவது போன்றது அது. ஆகவே, தந்தையை இழந்த சிறுவன் காலையில் அழுது மாலையில் பட்டாசு வெடித்தால், அவன் அன்பற்றவன் ஆகிவிடமாட்டான்.

இக்கரை மக்களின் வழக்கங்கள் இவ்வுண்மைக்கு முன்பே இடமளித்துள்ளன. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் குடும்பத்தார் கூடி மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். தை, ஆடி அமாவாசைகளில் கடலாடி முன்னோருக்கு நீர்க்கடன் செலுத்துகின்றனர். பெருநாள் தொழுகைக்குப்பின் இறந்தோர் அடக்கத்தலங்களுக்குச் சென்று வேண்டுவோரும் உளர். விழாக்களிடையே துயரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இல்லாதவரின் பெயரைப் பண்டிகை நாளில் சொல்லக்கூடாது என்று வாய்மூடும் வீடுகள்தாம் மிகுதியாக வருந்துகின்றன.

கயிற்றின் மறுமுனை

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அத்தொழிலில் குளிப்பவர் கல்லின் எடையால் கடலடிக்கு இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனரே என்றும், தம் உடன்பிறந்தாளின் வாழ்வைக் காக்க அவர் கண்ணிமைக்காமல் இருப்பார் என்றும் கரையில் கூறுவர். எவ்வளவு தேர்ந்த குளியாளும் கயிற்றை அசைப்பதை இழிவாகக் கருதியதில்லை. துன்பத்தை வெளியே சொல்வது கோழைத்தனம் என்னும் எண்ணம், குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம், எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ!

அசைவை உணரும் கையும் வேண்டும். பேரிடருக்குப்பின் செய்யத்தக்க உளவியல் முதலுதவியை உலக நலவாழ்வு நிறுவனம் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்று சொற்களில் அடக்கியுள்ளது. இதற்கு மருத்துவப் பயிற்சி தேவையில்லை. விடுமுறையில் நண்பர் ஒருவர் விளையாட வராமல் ஒதுங்குகிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார், உணவைத் தவிர்க்கிறார் என்பதைக் காண்பது முதற்படி. அறிவுரை கூறாமல் செவிகொடுப்பது அடுத்தது; இதுவே மூன்றினுள் கடினமானது. பின்னர், நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் அவரைக் கொண்டுசேர்க்க வேண்டும். உயிர்வாழ விருப்பமில்லை என்று அவர் கூறினால், அதை மறைபொருளாகக் காப்பது நட்பாகாது. அவரைத் தனித்து விடாமல் உடனே பெரியவரிடம் தெரிவிக்க வேண்டும். அதுபற்றி நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

2023 வெள்ளத்தில் திருவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 தொடர்வண்டிப் பயணிகள் சிக்கிக்கொண்டபோது, அண்டை ஊரார் தம் துன்பத்தினிடையே அவர்களுக்கு உணவளித்தனர். பிறருக்கு ஒன்றைச் செய்ய இயலும் என்னும் உணர்வு செய்தவரையும் தாங்குகிறது. அன்றாடத்தின் சிறு ஒழுங்குகளும் அவ்வாறே தாங்குகின்றன: விடுமுறையிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உறங்கி எழுதல், மாலையில் கடற்காற்றில் நடத்தல், கைப்பேசியில் பிறர் கொண்டாட்டங்களைப் பார்த்து ஒப்பிடும் நேரத்தைக் குறைத்தல்.

சோர்வு இரு வாரங்களுக்குமேல் நீடித்து, படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின் மருத்துவரை நாடவேண்டும். மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்துள்ளது. நடுவண் அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமற்ற அந்த எண்ணில் பண்டிகை நாள்களிலும் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.