மலை இறங்கும் நாள்

வாசகர்களே, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பஸ் பிடித்துத் தோட்டமே கேமரன் மலைக்குப் போகிறது. ஏறும்போது இருக்கும் கவனம் கடைசி நாள் இறங்கும்போது இருக்கிறதா? மடியில் முட்டைக்கோசு, தோளில் தூங்கும் பிள்ளை. "சீக்கிரம் போங்கண்ணே, விடிஞ்சா பெரட்டுக்கு நிக்கணும்" என்று ஓட்டுநருக்கு நச்சரிப்பு வேறு!

2010 டிசம்பர் 20ஆம் நாள், அங்கே விடுமுறை கழித்துவிட்டு சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிய தாய்லாந்துப் பயணிகளின் பஸ் கவிழ்ந்தது. 25 பேருக்கு மேல் மாண்டனர்.

நீண்ட சரிவில் பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் நல்ல ஓட்டுநர் சின்னக் கியரில் மெல்ல இறங்குகிறார். அவரை ஆமை என்று கேலி செய்யாதீர்கள். இருக்கை வார் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். புறப்படும் முன்பே கிராணியாரிடம் ஒரு நாள் கூடுதலாக லீவு கேட்டு வையுங்கள்.