பாக்கிப் பட்டியலில் பெயர் விடுபடாமல் இருக்க...

பேரேடு கம்ப்யூட்டருக்குள் போன பிறகு, "வெளியூர் பாக்கி மட்டும் எடு" என்றால் நொடியில் பட்டியல் வந்துவிடுகிறது. அதை நம்பியே வசூலுக்கு ஆள் அனுப்புகிறோம். ஆனால் கல்லைச் சலிக்கும்போது பருப்பும் சேர்ந்து போவதுண்டு. அதில் கவனம் வேண்டும்.

பல கணக்கு மென்பொருள்களில் விவரம் கேட்டு வாங்கும் மொழி எஸ்.க்யூ.எல். 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. அதில் 'வேர்' என்ற சொல்லுக்குப் பின் எழுதும் நிபந்தனைதான் சல்லடை. நிபந்தனைக்கு 'ஆம்' என்று பதில் தரும் வரி மட்டுமே பட்டியலில் வரும்.

மதுரைக் கடைக்காரர் ஒருவர் 'ஊர் மதுரை அல்ல' என்று நிபந்தனை போடுவதாகக் கொள்வோம். சிலர் கணக்கில் ஊரே பதியப்படவில்லை. அந்த வெறுங்கட்டத்துக்கு 'நல்' என்று பெயர். அது மதுரையா, இல்லையா என்றால் கம்ப்யூட்டரின் பதில் 'தெரியாது'. தெரியாதது பட்டியலில் சேராது. மொத்தம் 500 பேரில் மதுரை 200, ஊர் பதியாதவர் 30 என்றால், பட்டியலில் வருவது 270 பேர்தான். உள்ளூர்ப் பட்டியலிலும் அந்த 30 பேர் இருக்கமாட்டார்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். 'பணம் கட்டியவர்களை நீக்கு' என்று 'நாட் இன்' போடும்போது, கட்டியவர் பட்டியலில் ஒரே ஒரு எண் 'நல்' ஆக இருந்தாலும் போதும். ஒரு வரிகூட வராது. பாக்கியே இல்லை என்று தோன்றும்!

இது சிறிய விஷயமல்ல. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குப் போட மூன்றாண்டுக் கெடு. தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்தும், பேசாவிட்டால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும் கணக்கு. கெடுவுக்குள் கையெழுத்திட்ட ஒப்புதல் வாங்கினால் புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். பட்டியலில் இல்லாதவரிடம் யார் போய்க் கேட்பது?

செய்ய வேண்டியவை மூன்று:

1. நிபந்தனையோடு 'அல்லது ஊர் நல்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். 'நாட் இன்' இடத்தில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடச் சொல்லுங்கள்.

2. ஊர், கணக்கு எண் இல்லாமல் புதுக் கணக்குத் திறக்க விடாதீர்கள்.

3. எடுத்த தொகையும் நீக்கிய தொகையும் சேர்ந்து மொத்தப் பாக்கிக்குச் சரிவருகிறதா என்று மாதந்தோறும் கூட்டிப் பாருங்கள்.

பேரேட்டை ஐந்தொகையோடு ஒத்துப்பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதான். கம்ப்யூட்டர் பட்டியலையும் அப்படியே ஒத்துப்பார்த்த பிறகு வசூலுக்கு ஆள் அனுப்புவோம்.