உங்களுக்குத் தெரியுமா? மில் நிற்கும் முன்பே சேதி சொல்லும்

● காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாடுபடுவது எஞ்சின். இறங்கும்போது பிரேக். காலை எடுக்காமல் மிதித்தபடியே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் சூடேறி, எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காத நிலை வரும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கியரைக் குறைத்து, எஞ்சின் இழுவையிலேயே வண்டியை இறக்குவது இதனால்தான்.

● கார், வேன், ஜீப்பில் இருக்கும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ‘டாட் 3’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டாலோ அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். சமவெளியில் ஆண்டுக்கணக்காக ஒரு தொல்லையும் தராத பழைய ஆயில், முதல் மலைப் பயணத்திலேயே கைவிடலாம். பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. மலைக்கு வண்டி ஓட்டுபவர்கள் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

● பஸ், லாரிகளில் ஏர் பிரேக். அழுத்தப்பட்ட காற்றிலிருந்து நீர் பிரிந்து டேங்கின் அடியில் தேங்கும். அதைத் திறந்துவிட அரை நிமிடம் போதும். விடாமல் இருந்தால் காற்றுக்கான இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும்.

● கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் எஞ்சின் தப்பிக்கிறது. அந்த மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று மலையேறும் முன் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்.

● கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சாமையையும் தினையையும் உரலில் குத்தி அரிசியாக்கி வந்தவர்கள். சாமை மிகச் சிறிய தானியம். உமியோ இறுகப் பிடித்திருக்கும். மரவள்ளி விளைந்தால் லாரியில் ஏற்றிவிடலாம், சிறுதானியம் விளைந்தால் குத்திக் குத்திக் கை நோகும். மலையில் சிறுதானிய நிலம் சுருங்கியதற்கு இந்தப் பாடும் ஒரு காரணம். 1990களிலிருந்து இங்கே வேலை செய்துவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மகளிர் சுயஉதவிக் குழுக்களே நடத்தும் சிறு அரவை மில்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. ஆகவே இந்த மலையில் ஒரு சாமை மில் பழுதாகி நின்றால் நிற்பது இயந்திரம் மட்டுமல்ல. உரலும் உலக்கையும் மறுபடி பெண்கள் கைக்கு வந்துவிடும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி, அடுத்த பட்டத்தில் சாமை விதைப்பதா வேண்டாமா என்றும் ஒரு குடும்பம் யோசிக்கும்.

● சரி, உமி நீக்கும் இயந்திரம் எப்படிப் பழுதாகிறது? மையவிலக்கு வகை இயந்திரத்தில், வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தைச் சுற்றுச்சுவரில் வீசியடிக்கும். மோதலில் உமி கழன்றுவிடும். உமியிலுள்ள சிலிக்கா உப்புத்தாள்போல உலோகத்தையும் ரப்பரையும் அரிக்கிறது. தட்டின் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் சுழற்சியின் சமநிலை போய்விடும். அதிலிருந்து அதிர்வு, அதிர்வால் பேரிங் தேய்மானம், கடைசியில் நிறுத்தம். களத்து மண்ணோடு வரும் பொடிக்கல்லும் ஆணித்துண்டும் இதை இன்னும் வேகப்படுத்தும். கல் நீக்கியையும் காந்தத்தையும் முன்னால் வைத்துத் தானியத்தைச் சுத்தப்படுத்தித் தருவதே இந்த மில்லுக்குச் செய்யும் மிகப் பெரிய பராமரிப்பு. தேய்மானத்தின் முதல் அடையாளம் சத்தத்தில்கூடத் தெரியாது; வெளியே விழும் அரிசியில் தெரியும். உமி போகாத மணிகளோ நொய்யோ வழக்கத்தைவிடக் கூடினால் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவேண்டிய நாள் வந்துவிட்டது.

● பழுதின் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் இயந்திரம் நின்றேபோகும் நாளுக்கும் இடையிலுள்ள அவகாசத்தை வைத்துத்தான் பராமரிப்புப் பொறியாளர்கள் சோதனைக்கு நாள் குறிக்கிறார்கள். அவகாசம் நான்கு வாரம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். தொழிற்பேட்டையில் இருப்பவருக்கு உதிரிபாகக் கடை தெருமுனையில் இருக்கும். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி உட்கிராமத்தில் மில் ஓட்டுபவருக்கு நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ உதிரிபாகம் மலையேறி வரவேண்டும், மெக்கானிக்கும் வரவேண்டும். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்தால், நகரத்து மில்லைவிட மலை மில்லைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

● நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டின்மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் பழைய மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அசல் அதிர்வுச் சோதனை அது. எந்த அளவு அதிர்வை ஏற்கலாம், எங்கே பயப்பட வேண்டும் என்று 1939இல் ரேத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வரைபடம் போட்டுக் காட்டினார். பின்னால் வந்த சர்வதேசத் தரங்கள், 15 கிலோவாட் வரையிலான சிறு மோட்டார்களுக்கு எல்லை வகுத்தன: அதிர்வு வேகம் விநாடிக்கு 0.71 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல நிலை, 4.5ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். (ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்பவர்கள் பெல்ட் பக்கம் போகக் கூடாது, புடவைத் தலைப்பையும் துண்டையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.)

● குண்டு பேரிங்கின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுவது பேரிங்கின் மேல் பாரத்தை ஏற்றும் வேலைதான். கிரீஸிலும் இதே கதை. திணித்து நிரப்பினால் உள்ளேயே கடையப்பட்டுச் சூடேறும்.

● மலைக் கிராமங்களில் மின்னழுத்தம் தாழும் வேளைகளில் மில் மோட்டார் அதே வேலையைச் செய்யக் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். 10 சதவீதம் அழுத்தம் குறைந்தால் புறப்படும்போது சுழற்றும் விசை ஏறத்தாழ 19 சதவீதம் குறைகிறது. காயில் சூடு கூடுகிறது. காயிலின் காப்புப்பூச்சு இயல்பைவிட 10 டிகிரி கூடுதல் சூட்டில் தொடர்ந்து ஓடினால் அதன் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. மூன்று பேஸில் ஒன்று போனாலும் உடனே துண்டித்துவிடும் ‘சிங்கிள் பேஸிங் பிரிவென்டர்’ விவசாய மோட்டார்களில் பலருக்குப் பழக்கமானது. மில்லிலும் அது இருக்கிறதா?

● ஓய்வும் இயந்திரத்தைக் கெடுக்கும். கொல்லிமலையில் காப்பியும் மிளகும் நிறைய உண்டு. காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பருக்கு வேலை அறுவடைக் காலத்தில் மட்டும்தான். மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். பழச்சாறு அமிலத்தன்மை உள்ளது. கழுவாமல் விட்டால் அரிக்கும். கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி மூடுங்கள். இடையிடையே கையால் சுற்றிவிட்டால் பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது. பருவம் தொடங்கும்போது இடைவெளியைச் சரிபார்க்காவிட்டால் கொட்டையில் வெட்டு விழும். வெட்டுப்பட்ட கொட்டை புளிப்பில் கெட்டு, காப்பியின் சுவையையும் கெடுக்கும்.

● தேவையில்லாமல் கழற்றுவதும் ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர வான்படையில் இருந்த லிபரேட்டர் விமானங்களை ஆராய்ந்தார் உயிரியலாளர் வாடிங்டன். 50 மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை முழுச் சோதனை நடக்கும். எதிர்பாராத பழுதுகள் அந்தச் சோதனை முடிந்த உடனேதான் அதிகம் வந்தன. நாள் ஆக ஆகக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதில் புதுக் கோளாறு நுழைந்திருக்கிறது. முறையை மாற்றியபின் பறக்கும் நேரம் 60 சதவீதம் கூடியது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் எழுதிய அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்கள் பார்த்த விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு, ‘இத்தனை மணிநேரம் ஆனால் மாற்று’ என்ற கெடு பயன்படவில்லை. காலண்டரை மட்டும் நம்பாமல் இயந்திரத்தின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் முறை வலுப்பெற்றது இப்படித்தான்.

● 1940களில் அமெரிக்காவின் டென்வர் – ரியோ கிராண்டே ரயில் நிறுவனம், டீசல் எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெயை ஆய்வகத்தில் சோதித்தே உள்ளே எது தேய்கிறது என்று கண்டுபிடித்தது. செம்பு தெரிந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், இரும்பு கூடினால் சிலிண்டரை. சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே புழுதி நுழைகிறது என்று பொருள். மலைக்குக் கீழே நாமக்கல் லாரிகளுக்கும் திருச்செங்கோடு போர்வெல் ரிக்குகளுக்கும் இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. அவை ஓடுவதே புழுதியில்.

● ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். செவிலியர் காலையும் மாலையும் அளவைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். 4, 5, 6, 7 என்று சில நாட்களாக ஏறிவந்தால் எல்லை தாண்டும் முன்பே கம்ப்ரஸரைக் கவனிக்கலாம். மில்லுக்கும் இப்படி ஒரு நோட்டு போதும்: தேதி, மோட்டார் இழுக்கும் ஆம்பியர், பேரிங் சூடு, சத்தத்தில் மாற்றம்.

● 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் உணரிகள் பொருத்தியிருந்தார்கள். 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியிலிருந்து அவை அபாய எச்சரிக்கை தந்ததும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பாலம் உடைந்து செய்தியாகவில்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது.

● பேரிங்கின் பக்கவாட்டில் 6205 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்குங்கள்: 25. அதன் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 04 முதல் மேலுள்ள வழக்கமான எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு ஒன்றே. எண் தேய்ந்து அழிவதற்குள் மில் சுவரில் பெயின்டால் எழுதிவைத்துவிட்டால், சத்தம் மாறிய அன்றே போன் செய்து எண்ணைச் சொல்லலாம். அடுத்த பஸ்ஸிலேயே பேரிங் மலையேறிவிடும்.