தளர்ந்த திருகாணி: வீட்டு மின்பெட்டியில் கம்பி முனைப்பிணைப்பு

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களின் பழைய லயத்து வீடுகள் பல, சில விளக்குகளின் தேவையை எண்ணியே கம்பியிடப்பட்டவை. இன்று குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், நீர் சூடேற்றி ஆகியவற்றின் சுமையும் அத்தகைய வீடுகளில் சேர்ந்துள்ளது. சுமை கூடும்போது முதலில் சோதனைக்குள்ளாவது கம்பியன்று. கம்பி வந்து முடியும் முனையே. அதனை நாம் இங்கு ஆராய்வோம்.

மின்பெட்டியில் இரு காவலர் உளர். எம்.சி.பி. என வழங்கும் சுற்றுமுறிப்பான், அளவை மீறிய மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. ஆர்.சி.டி. என வழங்கும் கசிவுமின் துண்டிப்பான், சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் வேறுபட்டால் செயற்படுகிறது. ஆயினும், தளர்ந்த திருகாணியின் வெப்பத்தை இவ்விரண்டும் அறியா. ஏனெனில், அங்கு மின்னோட்டம் மிகுவதுமில்லை; கசிவதுமில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். 230 வோல்ட்டில் இயங்கும் 3,600 வாட் நீர் சூடேற்றி ஏறத்தாழ 15.7 ஆம்பியர் பெறுகிறது. முனையின் தடை 0.1 ஓம் மட்டுமே எனினும், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் சுமார் 25 வாட் வெப்பம் கிடைக்கும். பற்றவைப்புக்கோல் ஒன்றின் வெப்பத்திற்கு நிகரான இது, ஒரு திருகாணியின் நுனியில் குவிகிறது. சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, முனை மேலும் தளர்கிறது. செம்பின்மீது ஆக்சைடு படிகிறது. தடை மேலும் உயர்கிறது. இறுதியில் காப்புறை கருகித் தீப்பற்றவும் கூடும்.

ஆகவே, முனைப்பிணைப்பு ஒரு நுண்தொழில். காப்புறையை வேண்டிய அளவே உரித்தல் வேண்டும். மிகுதியாக உரித்தால் செம்பு வெளியே தெரியும்; குறைவாக உரித்தால் திருகாணி செம்பைப் பற்றாமல் உறையைப் பற்றும். உரிக்கையில் செம்பில் வெட்டு விழலாகாது. பல இழைக் கம்பிக்கு நுனியில் உலோகக் குழல் மாட்டி நசுக்குதல் நன்று. ஈயம் பூசி இறுக்கினால், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நெகிழ்ந்து பிடி தளரும். தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசையளவு இறுக்கி, பின் கம்பியை இழுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு கம்பிக்குரிய துளையில் பல கம்பிகளைத் திணித்தல் தகாது.

இப்பணி தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளருக்கே உரியது. முதன்மைச் சுவிட்சை அணைத்த பின்னும் அதற்கு வந்துசேரும் முனைகளில் மின்சாரம் இருக்கும் என்பதை மாணவர் மறத்தலாகாது. கருகிய வாடை, சடசடப்பொலி, விளக்கின் துடிப்பு, நிறம் மாறிய மூடி ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும், மின்பெட்டியைத் திறவாது, முதன்மைச் சுவிட்சை அணைத்து மின்கம்பியாளரை அழைத்தல் வேண்டும். பெட்டியே சூடேறியோ புகைந்தோ இருப்பின், அதனைத் தொடாது விலகித் தீயணைப்புத் துறையை அழைத்தலே முறை.

மின்தடையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்திருகாணியைச் சான்றாகக் காட்டலாம். கரும்பலகையில் எழுதும் வாய்பாடு, மாணவர் வீட்டுச் சுவரிலும் செயற்பட்டுக்கொண்டிருக்கிறது.